பட்டை சொன்னதும் கடிகாரம் சொன்னதும்

சோதனைப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே உங்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு ஓர் ஊகம். நெஞ்சில் கட்டும் பட்டை காட்டுவதுதான் உண்மை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தப்பு கடிகாரத்தின் மீது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சரியில்லாமல் போன ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கணக்கு முறைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் நான். சோதனைக்கு ஆள் சேர்ப்பது, மண்டபம் பிடிப்பது, வேன் ஏற்பாடு செய்வது, வந்தவர்களுக்குச் சாப்பாடு சொல்வது என்று என் பொறுப்புகள் இருந்தன. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இவற்றைச் செய்துவிடலாம். களத்துக்கு இளைஞர்கள் இரண்டு பேர் போவார்கள். அந்தச் சனிக்கிழமை அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். அதனால்தான் நான் போனேன்.

அப்போது எங்களுக்கு வந்த புகார் இதுதான். கையை வீசி ஆடினாலோ ஓடினாலோ, கடிகாரம் ரத்தத்தின் துடிப்பை விட்டுவிட்டுக் கையின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆள் மெதுவாக ஆடினாலும் எண் மலையேறிவிடும். அதைச் சரிசெய்யக் கடிகார மென்பொருளின் புதிய பதிப்பு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டு நிறுவனம், வெயில் ஊரில் வாழும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் அதைச் சோதிக்கச் சொல்லியிருந்தது.

செமோருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் தாமானாக, வீடுகள் நிறைந்த குடியிருப்பாக மாறிய இடம் ஒன்று உண்டு. பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் இன்னும் தோட்டத்தின் பெயர்தான். அங்குள்ள பாலாய் ராயா மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் பெண்கள் கூடி, பாட்டுப் போட்டு உடற்பயிற்சி ஆட்டம் ஆடுவார்கள். ஆளுக்கொரு பட்டையும் ஒரு கடிகாரமும் கட்டிக்கொள்ளக் கொடுத்தோம். பல வாரங்களாக நடந்த அந்தச் சோதனையின் முடிவுகள் அழகாக இருந்தன. புதிய பதிப்பு பட்டையோடு அப்படியே ஒத்துப்போனது.

திட்டத்தை நடத்தியவன் பிரகாஷ், களத்துக்குப் போகும் அந்த இருவரில் மற்றவன். காம்பாரில் பிறந்து அங்கேயே பட்டம் வாங்கியவன், முப்பது வயது ஆகவில்லை. கெட்டிக்காரன், பொறுமைசாலி. வயதானவர்களிடம் மரியாதையாகப் பேசுவான். ஒப்பந்த வேலையில் இருந்த அவனை இந்தப் பதிப்பு வெளியானதும் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வெளியிடலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த திங்கட்கிழமை. அந்தச் சனிக்கிழமைச் சோதனை வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பார்வதி அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பேரங்காடி ஒன்றில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளர் அவர். வகுப்புக்கு மற்ற பெண்களைக் கிளப்பிக்கொண்டு வருவதும் அவர்தான். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஒண்ணுமில்லலா. இன்னிக்கி வெக்க அதிகம். செத்த ஒக்காந்தா சரியாயிரும்."

"நெஞ்சு சக்கிட்டா இருக்காக்கா? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. உள்ள கோழி றெக்க அடிச்சிக்கிற மாதிரி இருக்கு."

நான் பிரகாஷிடம் போனேன். அவன் கையில் இருந்த திரையில் பார்வதி அக்காவின் பெயருக்கு நேராக இரண்டு எண்கள். பட்டையின் எண், பகல் தூக்கம் போட்டு எழுந்தவருக்கு இருப்பதுபோல் நிதானமாக இருந்தது. கடிகாரத்தின் எண் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

"பழைய வெர்ஷன் சாந்தாக்கா," என்றான். "ஒப்பிட்டுப் பாக்க நாலஞ்சு பேருக்குப் பழசக் கட்டியிருக்கோம். அது இப்படித்தான் எகிறும். இதுக்குத்தானே புதுசு பண்ணியிருக்கோம்."

"ஆடும்போதுதானே எகிறும்?"

"ஆமாக்கா. கைத்தாளத்தப் புடிச்சிக்கும்."

"அவங்க ஒக்காந்து எவ்வளவு நேரமாச்சு? கை மடியில கெடக்கு பிரகாஷ். எந்தத் தாளத்தப் புடிச்சிக்கிட்டிருக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான். பார்வதி அக்காவின் கைகள் மடியில் அசையாமல் இருந்தன. "சென்சார் சிக்கியிருக்கும்க்கா. ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா?" என்றான்.

இளைஞர்களே, அந்தக் கேள்வியில் தவறில்லை. நம் கையில் கருவி இருக்கும்போது கருவியைச் சரிசெய்யத்தான் மனம் போகும். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இன்னொன்றும் உறுத்தியது. மூன்று பாட்டுக்கு ஆடி முடித்தவரின் நெஞ்சு தூங்கி எழுந்தவரின் நெஞ்சைப்போல் நிதானமாகத் துடிக்குமா? கடிகாரத்தின் எண்ணை நம்ப முடியவில்லை என்றால் பட்டையின் எண்ணையும் நம்ப முடியாது. இரண்டு கருவிகளும் இரண்டு விதமாகப் பேசினால் மூன்றாவது கருவியைத் தேடாதீர்கள். ஆளைத் தொட்டுப் பாருங்கள்.

பார்வதி அக்காவின் மணிக்கட்டில் விரலை வைத்தேன். எண்ணத் தொடங்கியவள் பாதியில் விட்டுவிட்டேன். எண்ணக்கூடிய வேகத்தில் அது இல்லை. கழுத்திலும் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் அதே ஓட்டம். முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. நான் பிரகாஷைப் பார்த்து, "காரை எடு" என்றேன்.

"அய்யோ, எதுக்குமா?" என்றார் பார்வதி அக்கா. "மத்தியானம் மருமகன் சாப்பிட வாராரு. நான் இன்னும் ஒல வைக்கல."

"மருமகனுக்குத் தாப்பாவ் வாங்கிக் குடுத்துரலாம். எந்திரிங்கக்கா."

"வாங்குற சோறு அவருக்கு ஒத்துக்காதுலா."

"ஒரு நாளைக்கு ஒத்துக்கும்."

தாமான் கடைவரிசையில் ஒரு கிளினிக் இருந்தது. அங்கே போனாலும் ஈப்போ மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்து நேராக அங்கேயே போகச் சொன்னேன். அந்த முடிவு சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றைக்குச் சரியாகப் போயிற்று. பிரகாஷ் ஓட்டினான். வழியெல்லாம் என் விரல் அவர் மணிக்கட்டில்தான் இருந்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார். மகளுக்குப் போன் பண்ணாதே, பயந்துவிடுவாள் என்றார். பாதி வழியில் பேச்சு நின்றது. சிறிது நேரம் கழித்து, "சரி, பண்ணுமா" என்று நம்பரைச் சொன்னார். அந்தப் பயணத்தில் நான் பயந்தது அந்த ஒரு கணத்தில்தான்.

அவசரப் பிரிவில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இதயத்தை ஓட்டும் மின்சாரத்தில் ஏதோ குறுக்குவழி, அதனால்தான் இந்த வேகம், ஊசி போட்டிருக்கிறோம், இறங்கிவிட்டது என்று ஒரு டாக்டர் வந்து சொன்னார். கடிகாரம் காட்டிய எண்ணுக்கும் அவர்கள் இயந்திரம் முதலில் காட்டிய எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு ஒரு தாதி எங்கள் பட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். தமிழ்ப் பெண். "இது ஒங்களோடதா? சிங்லெட்டுக்கு மேல கட்டியிருந்தாங்க. காஞ்சு கெடக்கு. இது தோல்ல படணும் இல்ல?" என்றார்.

தோலில்தான் பட வேண்டும். நனைத்து, மார்புக்குக் கீழே வெறும் தோலில் இறுக்கிக் கட்ட வேண்டும். பிடிப்பு இல்லாவிட்டால் நாங்கள் பயன்படுத்திய வகைப் பட்டை வாயை மூடிக்கொள்ளாது. கிடைத்ததை வைத்து ஒப்பேற்றி ஒரு எண்ணைச் சொல்லும், அல்லது கடைசியாகத் தெரிந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லும். அன்றைக்கு அது சொன்னது அப்படிப்பட்ட எண்தான்.

உள்ளே போய்ப் பார்க்க விட்டபோது பார்வதி அக்காவின் முகத்துக்கு நிறம் திரும்பியிருந்தது. நலம் விசாரித்துவிட்டுக் கேட்டேன். "அக்கா, அந்த பெல்ட்ட எப்பவும் சட்டைக்கு மேலதான் கட்டுவீங்களா?"

"வெளிச்சட்டைக்கு மேல இல்லமா. உள்சட்டைக்கு மேல. எல்லாரும் அப்படித்தான் கட்டுவோம்."

"எல்லாருமா?"

"ஆமா."

வெளியே வந்து பிரகாஷிடம் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "ஒரு ஆளுதானேக்கா. அவங்க ரீடிங்க மட்டும் எடுத்துட்டா போதும்," என்றான்.

"எல்லாரும்னு சொல்றாங்க."

"மத்தவங்க எப்படிக் கட்டுறாங்கன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அது நியாயமான கேள்வி. விடை தெரிய ஒரே வழிதான் இருந்தது. மகள் வந்து சேர்ந்ததும் மண்டபத்துக்குத் திரும்பினோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பார்வதி அக்காவைப் பற்றிச் செய்தி தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். பட்டைகளை யாரும் கழற்றவும் இல்லை. செய்தியைச் சொன்னேன். ஒருவர் அழுதார், இருவர் சாமியைக் கும்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சாமான் அறைக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிரகாஷ் வெளியே நின்றான்.

உள்ளே நான் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலோர் உள்சட்டைக்கு மேல் கட்டியிருந்தார்கள். ஒருவர் இடுப்பில், சுடிதார் நாடாவுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். மேலே கட்டினால் மூச்சு முட்டுகிறதாம். சரியாகக் கட்டியிருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் அந்தக் கூட்டத்தில் வயது குறைந்தவர்கள், உடற்பயிற்சிக் கூடத்தில் பழகியவர்கள்.

கடைசியாக வந்தவர் கதீஜா. கடைவீதியில் உணவகம் வைத்திருப்பவரின் மனைவி. பட்டையை நீளங்கைச் சட்டைக்கு மேலேயே கட்டி, அதன்மேல் தலையை மூடிய தூடோங்கை இழுத்துவிட்டிருந்தார்.

"இது தோல்ல படணும்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"நெஞ்சுக்குக் கீழ கட்டுங்கன்னு அந்தத் தம்பி சொன்னிச்சு. சொல்றப்ப மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நல்ல புள்ள. எம்மவன் வயசு." அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுகிட்டப் போயி எங்க, எப்படி, எதுக்கு உள்ளன்னு கேக்கவா முடியும்? டப்பால இருக்குற படத்தப் பாத்துக் கட்டலாம்னா அதுல ஒரு ஆம்பள சட்டையில்லாம நிக்கிறான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பு இல்லை.

அந்த இரண்டு இளைஞர்களும் ஒழுக்கமாகத்தான் நடந்துகொண்டார்கள். பெண்களும் தங்களுக்குத் தெரிந்த அளவில் சொன்னபடிதான் கட்டினார்கள். யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கத்து மரியாதையும் சேர்ந்து பல வாரத்து எண்களைக் கெடுத்துவிட்டது. நம் தொழிலில் வரும் தவறுகளில் பாதி இப்படிப்பட்டவைதான். குற்றவாளியைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

பிரகாஷ் அப்போதும் முழுமையாக நம்பவில்லை. அதற்காக நான் அவனைக் குறைசொல்லமாட்டேன். நிரந்தர வேலைக்கு இரண்டு நாள் முன்னால் நின்றுகொண்டிருந்தவன் அவன். "பெல்ட்டு தப்பாவே இருக்கட்டும்க்கா. புது வெர்ஷன் சரியா இருக்கலாம் இல்ல?" என்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தைத் திறந்து இருவரும் உட்கார்ந்தோம். பார்வதி அக்காவின் கடிகாரம் தோலிலிருந்து பதிவுசெய்த மூலச் சமிக்ஞை எங்களிடம் இருந்தது. அதைப் புதிய பதிப்புக்குள் செலுத்தினான். அன்று அவர் கையில் புதிய பதிப்பு இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்பது அதில் தெரிந்துவிடும்.

திரையில் எண் வந்தது. நிதானமான எண். பட்டை சொன்ன அதே எண்ணை ஒட்டி.

ஒப்பேற்றிச் சொன்ன பட்டைகளோடு ஒத்துப்போகும்வரை நாங்கள் அந்தப் பதிப்பைத் திருத்தித் திருத்திப் பழக்கியிருந்தோம். பட்டை அடக்கிச் சொன்னது. கடிகாரத்துக்கும் அடக்கிச் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டோம். எங்கள் அறிக்கையின் கணக்குப்படி பார்வதி அக்காவின் அந்த எண் ஒரு வெற்றி. இரண்டு கருவிகளும் ஒத்துப்போகின்றன, பிழை ஏறக்குறைய இல்லை.

பிரகாஷ் அதை இன்னொரு முறை செலுத்திப் பார்த்தான். பிறகு, "புதுசக் கட்டியிருந்தா அவங்களுக்குத் தண்ணியக் குடுத்துட்டு அடுத்த பாட்டப் போட்டிருப்போம்," என்றான். எழுந்துபோய் இரண்டு பேருக்கும் கோப்பி கலந்துகொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவன் அறிக்கையைத் திறந்து முதல் பக்கத்தில் புதிய பதிப்பின் பிழை எவ்வளவு என்று காட்டிய அந்த அழகான எண்ணை அழித்திருந்தான். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் முடிக்க விரும்புவது திங்கட்கிழமையில்.

சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்தோம். பட்டை கட்டிவிடப் பெண்கள் இரண்டு பேரை வேலைக்கு எடுத்தோம். மண்டபத்தில் திரை போட்டு மறைத்தோம். விளக்கப் படத்தைப் புதிதாக வரைந்து தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதினோம். கதீஜா திரைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்து, "அப்ப இத்தன வாரமா நாங்க ஆடுனது சும்மாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, ஒடம்பாச்சும் கொறஞ்சிச்சு," என்றார். வெளியீடு தள்ளிப்போயிற்று. புதிய எண் பழைய எண்ணைவிட அழகில்லாமல் இருந்தது. பிரகாஷ் அந்த ஆண்டு நிரந்தரம் ஆகவில்லை, அடுத்த ஆண்டு ஆனான். பார்வதி அக்காவுக்குப் பிறகு ஒரு சிகிச்சை செய்து அந்தக் குறுக்குவழியை அடைத்தார்கள். அவர் வகுப்புக்குத் திரும்பினார், ஆனால் சோதனைக்குத் திரும்பவில்லை. நிறுவனம் ஒரு கடிகாரத்தை அன்பளிப்பாகக் கொடுத்தது. "அதக் கட்டுனா நாள்பூரா அதையே பாத்துக்கிட்டிருக்கேன்மா. மருமகனுக்குக் குடுத்துட்டேன்," என்றார். நாம் செய்யும் பொருள் ஒருவரைக் காப்பாற்றினாலும் அவருக்கு அது பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி திங்கட்கிழமை.

காலையில் மேலாளரின் அறைக்குப் போனோம். ஓய்வை நெருங்கிய மலாய்க்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நாங்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரே கேள்வி கேட்டார். "சியாப்பா தாவு?" யாருக்கெல்லாம் தெரியும்?

மூடி மறைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் இரண்டு பேர், அந்தப் பெண்கள், ஒரு தாதி என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்படியானால் மதியத்துக்குள் வாடிக்கையாளருக்கும் தெரிய வேண்டும்," என்றார் மலாயில். "கெட்ட செய்தி நம் வாயிலிருந்து போனால் அது செய்தி. வேறு வாயிலிருந்து போனால் அது குற்றம்." கூட்டத்தில் தானே பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பிரகாஷைக் காட்டி, அவன் பேசட்டும் என்றார்.

"நான் கண்டுபிடிக்கல சார். அக்காதான்," என்றான் பிரகாஷ்.

"யார் கண்டுபிடித்தார்கள் என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. அந்த எண்ணைக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். கட்டியவனே அவிழ்க்கட்டும்."

மேசையின் நடுவில் ஒலிபெருக்கி. மறுமுனையில் வெளிநாட்டில் ஆறேழு பேர். பிரகாஷ் சுற்றி வளைக்கவில்லை. போன மாதம் நாங்கள் அனுப்பிய எண் தவறு, காரணம் இது, பார்வதி என்ற பங்கேற்பாளருக்கு நடந்தது இது என்று சொன்னான். குரல் நிதானமாக இருந்தது. மறுமுனையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது, அப்படியானால் சரியான எண் என்ன?

எங்கள் மூவருக்கும் தெரியும், ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். "சுமாராக" என்ற சொல்லோடு ஆரம்பித்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். மேலாளர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது," என்றான் பிரகாஷ். "மறுபடி சோதிக்காமல் சொல்ல முடியாது."

மறுமுனையில் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். நாங்கள் காத்திருந்தோம். அப்போது மேசைமீது கிடந்த பிரகாஷின் கையில் கட்டியிருந்த கடிகாரம் அதிர்ந்தது. அவன் சட்டென்று அதை மூடப் பார்த்தான், அதற்குள் நான் படித்துவிட்டேன். நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள், ஆனால் உங்கள் இதயத் துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தது.

அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. சரியாகத்தான் இருந்திருக்கும்.